பிரித்துப் பார்க்காமல் பேச வேண்டாம்

பழைய டிராக்டர் ஒன்று நீலமாகப் புகை விட ஆரம்பித்துவிட்டால், அதை என்ன செய்வது என்பதில் கருத்து இல்லாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். "வண்டி விலையில பாதிக்கு மேல வேலை வந்தா தள்ளிவிட்டுடு" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்து இரும்புப்பா, செட்டு மாத்தினா இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்பது எதிர்க்கட்சி. நடுவில் ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு எப்போதும் எங்கோ ஒரு பட்டறையில், வண்டியிலிருந்து கழற்றி வைத்த அருமையான எஞ்சின் ஒன்று தெரிந்திருக்கும். தூக்கி மாட்டினால் ரெண்டு நாள் வேலைதான். மூன்று தரப்பும் பேசுகிற உறுதியைப் பார்த்தால் நமக்கே நம் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையோ என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்குள் என்ன தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியாது. சத்தத்தையும் புகையையும் வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எங்கள் வண்டி மேஸி 1035. மூன்று சிலிண்டர், 2400 சிசி, 36 குதிரைத்திறன் சிம்சன் எஞ்சின். மன்னார்குடிப் பக்கம் இந்தச் சிவப்பு வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை, அதனால் அதைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. அப்பா வாங்கியது. நடுவில் ஒருமுறை எஞ்சின் வேலை பார்த்திருக்கிறார் என்று தெரியும். என்ன வேலை, எது மாற்றியது என்பதற்கு ரசீதும் இல்லை, அவருக்கு ஞாபகமும் இல்லை. "செட்டு மாத்துனோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த ஒரு வார்த்தையைத் துழாவித்தான் கடைசியில் முடிவே வந்தது என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

சேற்றுழவில்தான் முதலில் தெரிந்தது. சேற்றுக்கென்று மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் போட்டு இறங்கினால் எஞ்சினுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வரப்பு ஓரம் திரும்பும்போது ரேஸ் கொடுத்தால் முன்பு சட்டென்று எடுத்துக்கொள்ளும், இப்போது யோசித்தது. காலையில் செல்ஃப் அடித்தால் நெடுநேரம் சுற்றி, வெள்ளையாக இருமி, அப்புறம்தான் பிடித்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி ஒவ்வொரு தடவையும் கீழ்க்கோட்டைக் காட்டியது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எஞ்சினின் உள்காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் விட்டுவிட்டுச் சூடான காற்று அடித்தது. கையை எடுத்துப் பார்த்தால் ரேகைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக ஆயில் துளி. எரிகிற இடத்து அழுத்தம் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எதனால் இறங்குகிறது என்பதை மட்டும் அந்தச் சாட்சி சொல்லாது.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர் என்பது வரை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நீலப்புகை ரிங் தேய்ந்தாலும் வரும், வால்வு ஏறி இறங்குகிற கைடு தேய்ந்தாலும் வரும். முன்னது முழு எஞ்சின் வேலை, பின்னது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் இறக்கினால் முடிகிற வேலை. இரண்டுக்கும் செலவில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். பாரம் இழுக்கும்போது தொடர்ந்து வருகிறதா, பாரமில்லாமல் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது குபுக்கென்று ஒருமுறை வருகிறதா என்று நின்று கவனிக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. எங்கள் வண்டி பாரத்தில் தொடர்ந்து விட்டது. சரி, ரிங்தான் என்று ஓரளவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் வெளியிலிருந்து யாரும் எதையும் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

சித்தப்பாவின் ஷோரூம் கணக்கு

சித்தப்பா முதல் கட்சி. 2025 செப்டம்பரில் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் அவருக்கு வாதம் வலுத்துவிட்டது. "ஏன்டா, அரசாங்கமே குறைச்சுக் குடுக்கறான், நீ பழைய இரும்பைக் கட்டிக்கிட்டு அழுவுற" என்றார். ஷோரூமிலிருந்து விலைப்பட்டியல் வாங்கி வந்து திண்ணையில் விரித்து வைத்தார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எங்கள் வண்டிக்குப் புகையோடு சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று விசாரித்தால், இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே சொன்னார்கள். அந்த விலையில் பாதி என்று கணக்குப் போட்டால் ரேடியேட்டர் வேலைகூடப் பார்க்க முடியாது.

அந்தப் பாதிக் கணக்கு எனக்கு ஒட்டவே இல்லை. ஏன் என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது. புகை விடுகிற வண்டிக்குச் சந்தை கொடுக்கும் விலை, வண்டியின் மதிப்பு இல்லை. வாங்குகிறவனின் பயத்துக்கு அவன் கழித்துக்கொள்கிற தொகை. உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் அவன் மோசமானதையே நினைத்துத்தான் விலை சொல்வான், சொல்ல வேண்டும். அந்த விலையை வைத்துக்கொண்டு என் செலவுக்கு நான் எல்லை போட்டால், அவன் பயத்தை நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதாக ஆகிவிடும். நான் பார்க்க வேண்டியது வேறு. செலவழிக்கப் போகிற தொகைக்கு வெளியில் என்ன கிடைக்கும்? எஞ்சின் வேலைக்கு ஆகிற லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால், இன்னொருவர் புகையைத்தான் வாங்கி வர வேண்டியிருக்கும். இரண்டு, மூன்று லட்சம் போட்டுப் பழைய வண்டி வாங்கினால் அதற்கும் அடுத்த வருஷம் இதே வேலை வராது என்று யார் எழுதித் தருவார்கள்?

புது வண்டி என்றால் அப்போது ஆறு லட்சம் அளவில். முன்பணம் போக மீதிக்குத் தவணை. இங்கேதான் டெல்டாக்காரனுக்கு வயிறு கலங்கும். அறுவடைக்கு அறுவடை கட்டுகிற மாதிரி அரையாண்டுத் தவணை போட்டுத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் மேட்டூர் ஜூன் 12 திறக்கும் என்று தவணைக்காரனுக்குச் சொல்லலாம், மேட்டூருக்குச் சொல்ல முடியுமா? 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023இல் சொன்ன தேதியில் திறந்தும் குறுவை கடைசித் தண்ணிக்குத் தவித்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணீர் ஒன்றரை மாதம் தள்ளிப் போகலாம், தவணை தள்ளிப் போகாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எவனும் டிராக்டரே வாங்கக் கூடாதா?" என்றார். வாங்கலாம். சீசனில் ஓய்வில்லாமல் வாடகைக்கு ஓட்டுகிறவர் கட்டாயம் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். அவருக்கு வண்டி நின்றால் அன்றைய வாடகை மட்டும் போகாது, அடுத்த ஆளிடம் வாடிக்கையும் போகும். நாங்கள் சொந்த நிலத்துக்கும் பங்காளிகள் நிலத்துக்கும் மட்டும்தான் ஓட்டுகிறோம். பெரிய ரோட்டவேட்டர் வேலை வந்தால் 50 எச்பி வண்டியை வெளியில் கூப்பிட்டுக்கொள்கிறோம், அதற்கு அரசின் உழவன் செயலியிலும் வேளாண் பொறியியல் துறை வண்டி கிடைக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஒன்பது கொத்துக் கலப்பையும் கேஜ் வீலும் டிரெய்லரும் இழுக்கிற ஒரு வண்டி. அதை இந்த 36 எச்பி செய்துகொண்டுதான் இருந்தது.

வேற எஞ்சின்

சித்தப்பாவை ஒருவழியாகச் சமாளித்தால் நடுக்கட்சி வந்து நின்றது. திருச்சிப் பக்கம் ஒரு பழைய சாமான் பட்டறையில், விபத்தான வண்டியிலிருந்து இறக்கிய இதே எஞ்சின் இருப்பதாகத் தகவல். கேட்ட விலை முழு வேலைச் செலவில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். மாட்டினால் உழவுக்கு முன்பே வண்டி ரெடி. எனக்கே ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

லாரியிலோ காரிலோ எஞ்சின் என்பது சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு சாமான். டிராக்டரில் அப்படி இல்லை. சட்டமே கிடையாது. ஹென்றி ஃபோர்டு 1917இல் ஃபோர்ட்சன் வண்டியை இறக்கிய காலத்திலிருந்து பெரும்பாலான டிராக்டர்களுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சு வீடும் (அச்சை மூடிய இரும்புக் கூடு) ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதுதான் முதுகெலும்பு. முன் அச்சு எஞ்சின் முகப்பில் தொங்குகிறது. ஆகவே எஞ்சினை எடுக்க வேண்டும் என்றால் வண்டியையே நடுவில் பிளந்து, முன்பாதியைத் தனியாக உருட்டி, பின்பாதிக்கு ஜாக்கி கொடுத்து நிறுத்த வேண்டும். பழுது பார்க்க எடுத்தாலும் இந்தப் பாடுதான், வேறு எஞ்சின் மாட்ட எடுத்தாலும் இதே பாடுதான். "மாற்றுவது சுலபம்" என்கிறவர்கள் இந்தப் பாதி வேலையைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஆர்சி புத்தகம். எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஏற்ற வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியினுடையது, அது யார் பெயரில் இருந்தது, கடன் பாக்கி இருந்ததா, அதற்கெல்லாம் காகிதம் வேண்டும். பட்டறைக்காரரிடம் காகிதம் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் யாருங்க பாக்குறா" என்றார். பதிவுக் காலம் 15 வருஷம் முடிந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்தும்போது அவர்கள் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் பார்ப்பான்.

ஆனாலும் என்னைத் தடுத்தது காகிதம் இல்லை. கூட வந்த மெக்கானிக் அண்ணன். பட்டறைக்காரர் எஞ்சினைத் தரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரையும் பேட்டரியையும் இணைத்து, ஓட்டியே காட்டினார். நல்ல சத்தம். புகை இல்லை. என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, கெட்டியா ஆயில் ஊத்திச் சும்மா ஓட விட்டா எல்லா எஞ்சினும் நல்லாத்தான் பாடும்." பிறகு பட்டறைக்காரரிடம், "அண்ணே, சத்தம் போதும். சம்பைக் கழட்டி ஒரே ஒரு பேரிங் கேப்பை மட்டும் இறக்கிக் காட்டுங்க. நட்டு போல்ட்டு முடுக்கித் தர்றது என் பொறுப்பு" என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை. வாங்கப்போகிற ஆள் கேட்கிறாரே என்று வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

எஞ்சினைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்பை எடுத்து, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் கேப் ஒன்றைக் கழற்றினார்கள். உள்ளே பிறை வடிவில் ஒரு மெல்லிய பேரிங் தகடு இருக்கும். மெக்கானிக் அண்ணன் அதை நகத்தால் நெம்பி எடுத்தார். பளபளப்பான பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. முதுகுப் பக்கத்தைத் திருப்பி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலுக்கு நேரே சாய்த்து என் கண்ணெதிரே பிடித்தார். சின்னதாக 030 என்று குத்தியிருந்தது.

அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்பதை லேத் பட்டறைக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க் தண்டின் பின்கள் (பேரிங் பிடிக்கிற உருண்டைப் பகுதிகள்) தேய்ந்து நீள்வட்டமானால் அவற்றைக் கடைந்து மறுபடி வட்டமாக்குவார்கள். ஒவ்வொரு கடைசலுக்கும் ஓர் அளவு உண்டு. முதல் தடவை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். அடுத்தது இருபது, அதற்கடுத்தது முப்பது. தண்டு மெலிய மெலிய, அதை ஈடுகட்டத் தடிமனான பேரிங் தகடு போடுவார்கள்; அந்த அளவுதான் தகட்டின் முதுகில் இருப்பது. முப்பதுக்குப் பிறகு அநேகமாகப் புதுத் தண்டுதான். ஆக எனக்கு விற்கப்பட இருந்தது, தன் கடைசிக் கடைசலில் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின். சத்தத்தில் அது தெரியாது, புகையில் தெரியாது, விலையிலும் தெரியவில்லை.

எங்கள் வண்டிக்கு உள்ளே

திரும்பி வரும் வழியெல்லாம் என் மண்டையில் ஒரே கேள்விதான். நம் வண்டித் தகட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கும்? இத்தனை நாள் இத்தனை பேர் பேசியும் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அப்பாவுக்குத் தெரியாது. வண்டியைப் பிளப்பதென்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். செலவழிக்கிறேன் என்று இல்லை, பார்க்கிறேன் என்றுதான். மெக்கானிக் அண்ணனிடம் முன்பே பேசிக்கொண்டேன்: பிரிக்கிற கூலி தனி, அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பிரித்தபடியே விற்றுவிடுவேன், அவர் வருத்தப்படக் கூடாது. பிரித்துவிட்டால் வேலை செய்துதான் ஆக வேண்டும் என்ற நினைப்பில்தான் பல பேர் பிரிக்கவே பயப்படுகிறார்கள். பிரிக்கிற கூலி, மொத்தச் செலவில் ஒரு சின்னப் பங்கு. தெரியாமல் எடுக்கும் முடிவுக்கு ஆகிற செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

முன்பாதியை உருட்டி எடுத்து, ஹெட்டை இறக்கியதும் முதலில் தெரிந்தது, பிஸ்டன் ஏறி இறங்குகிற உருளையான லைனரின் மேல் விளிம்பில் ஒரு படி. விரலை உள்ளே விட்டு மேல்நோக்கி இழுத்தால் நகம் தட்டி நிற்கிறது. பிஸ்டன் மேலே வந்து திரும்புகிற இடத்தில்தான் ரிங்குக்குச் சூடும் அதிகம், ஆயில் படலமும் மெலிசு. தேய்மானம் எப்போதும் அங்கேதான் ஆழமாக விழும். மூன்று சிலிண்டரிலும் நகம் தட்டியது. மெக்கானிக் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நேராக எஞ்சினை விட்டுவிட்டு ஏர் கிளீனர் பக்கம் போனார். எனக்குப் புரியவில்லை. ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலைச் சுழற்றி எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் மாவு மாதிரி மண். குழாயின் ஒரு முனையில் கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எப்போதோ கட்டிய சணல் கயிறு, அதற்கடியில் ஒரு விரிசல்.

"ஒரு சிலிண்டர் மட்டும் தேஞ்சிருந்தா டீசல் தூவுற நாசிலைச் சந்தேகப்படுவேன். மூணும் ஒண்ணாத் தேஞ்சா மண்ணு குடிச்சிருக்கு" என்றார். ஏர் கிளீனரில் காற்று ஆயிலுக்குள் முங்கி எழுந்து வரும், தூசி அங்கேயே தங்கிவிடும். ஆனால் வடிகட்டிய பிறகு வருகிற குழாயில் ஓட்டை இருந்தால், வடிகட்டியதற்கே அர்த்தம் இல்லை. சேற்றில் ஓடுகிற வண்டிக்கு ஏது தூசி என்று கேட்கலாம். கோடை உழவில் பின்னால் எழும்புகிற புழுதியையும், செங்கல் ஏற்றிக்கொண்டு மண்ரோட்டில் போகிற டிரெய்லர் நடையையும் நினைத்துப் பார்த்தால் போதும். இந்தக் குழாயை மாற்றாமல் உலகத்திலேயே விலை உயர்ந்த லைனரைப் போட்டாலும் அதுவும் இதே மண்ணைத்தான் குடித்திருக்கும். வேறு எஞ்சினைத் தூக்கி மாட்டியிருந்தாலும் அப்படியேதான். அதே குழாயை அதில் பொருத்திக் கயிறு கட்டியிருப்போம். வேறு எஞ்சின் யோசனையில் எனக்கு இருக்கிற பெரிய குறையே இதுதான். எதனால் கெட்டது என்ற கேள்வியை அது கேட்கவே விடாது.

கீழ்ப்பக்கம் திறந்ததும் நானே குனிந்துவிட்டேன். முதல் கேப்பைக் கழற்றி, தகட்டை நெம்பி, துணியை என்னிடமே கொடுத்தார் மெக்கானிக் அண்ணன். துடைத்தேன். எஸ்.டி.டி. என்று மூன்று எழுத்து. ஸ்டாண்டர்டு. கம்பெனியிலிருந்து வந்த அளவு. அடுத்ததும் அதே, அதற்கடுத்ததும் அதே. அப்பா "செட்டு மாத்துனோம்" என்று சொன்னது லைனரையும் பிஸ்டனையும் மட்டும்தான். கிராங்க் தண்டை யாரும் தொடவே இல்லை. ஊரே பழைய இரும்பு என்று சொன்ன எஞ்சினுக்குள் ஒரு கடைசல்கூடக் காணாத தண்டு இருந்தது. திருச்சியில் பாட்டுப் பாடிய எஞ்சினுக்கு மிச்சம் ஏதுமில்லை, புகை விட்டுக்கொண்டிருந்த இதற்கு இன்னும் மூன்று கடைசல் இருக்கிறது.

அடுத்த கட்டம் லேத். அங்கே மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தார்கள். பத்து அளவுக் கடைசலிலேயே சுத்தமாகிவிடும் என்றார் லேத்காரர். அந்தப் பின் பகுதி முடிந்து தண்டின் கை தொடங்குகிற மூலையைச் சுட்டு விரலால் தடவிக் காட்டி, "இந்த வளைவைப் பாத்துக்குங்க. அவசரக்காரன் கிட்ட குடுத்தா இதைச் சதுரமா வெட்டிடுவான், அங்கதான் தண்டு ஒடியும்" என்றார். கடைந்து முடித்த பிறகு அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன், வளைவு இருந்தது. சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் விரிசல் இல்லை. ஹெட்டைத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் கசிவு இல்லை, ஆனால் தண்ணீர்ப் பாதை முழுக்க வெள்ளையாக உப்புப் படிவு. போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்ததன் பலன். அதைச் சுரண்டி எடுக்க ஒரு பையனுக்கு அரைநாள் ஆயிற்று.

தண்டு, பிளாக், தேய்மானத்தின் காரணம் என்ற மூன்றில் எந்த ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தாலும் நான் சித்தப்பா கட்சிக்கே போக நேர்ந்திருக்கலாம். பிளாக் விரிசல் விட்டிருந்தால் பேச்சே இல்லை. தண்டு முப்பதில் இருந்து, கியர்பாக்ஸும் கத்திக்கொண்டிருந்தால் நிச்சயம் தள்ளிவிட்டிருப்பேன். ஸ்டாண்டர்டு தண்டு, முழுசான பிளாக், காரணம் தெரிந்த தேய்மானம் என்று மூன்றும் சேர்ந்து வந்த பிறகு மாற்றுவதற்கு எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. உதிரிபாகம் இன்னொரு சௌகரியம். 1840இல் மதராஸில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனி, பிற்பாடு பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செம்பியத்தில் செய்ய ஆரம்பித்து, அந்த வழியில் வந்த எஞ்சின்தான் இது. இதற்கு லைனர்-பிஸ்டன் செட் மன்னார்குடியிலும் கிடைக்கும், தஞ்சாவூரிலும் கிடைக்கும். கம்பெனி மூடிப்போன பிராண்டு வண்டியாக இருந்தால் இந்தக் கட்டுரையையே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பாதி வேலை பற்றி ஒரு வார்த்தை

வேலைக்கு இறங்கிய பிறகு அடுத்த சோதனை வரும். "ரிங்கை மட்டும் மாத்தி ஓட்டு, இந்த வருஷம் தள்ளிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். எனக்கும் வந்தார், பங்காளி ஒருவர். மேலே அகன்றும் கீழே குறுகியும் போன லைனருக்குள் புது ரிங் போட்டால் அது சுவரோடு ஒட்டாது. ஒரு சீசன் ஓடும், அடுத்த சீசன் இன்னொரு தடவை வண்டியைப் பிளக்க வேண்டும். பிளக்கிற கூலி இரண்டு தடவை.

பணம் குறைகிறது என்றால் எதை விடுவது என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. பெயின்ட்டை விடலாம். டயரைத் தள்ளிப் போடலாம். சீட்டு கிழிந்திருந்தால் சாக்கைப் போட்டு உட்காரலாம். நாசிலையும் டீசல் பம்ப்பையும் மட்டும் விடக் கூடாது. நாசில் சரியாகத் தூவாமல் சொட்டினால், அந்த டீசல் லைனர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். புதுச் செட்டு போட்ட மூன்றாம் மாதமே பழைய செட்டு ஆகிவிடும். செலவுப் பட்டியலில் இது எப்போதும் கடைசியில் வருவதால், கை காய்ந்த நேரத்தில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஆயில் பம்ப்பும் அப்படித்தான். நாங்கள் இரண்டையும் செய்தோம். மொத்தமாக லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. சித்தப்பா ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாணியில் அது பெரிய கண்டனம்.

பூட்டிய பிறகு ஓட்டிப் பழக்குகிற விஷயத்தில் ஊர் வழக்கத்துக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. நாள் முழுக்கக் கொட்டகையில் ஐடிலில் விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவர் அதைத் திட்டுவார். ஐடிலில் அழுத்தம் போதாமல் ரிங் சுவரில் உட்காராது, சுவர் வழவழத்துப் போய் ஆயில் குடிக்கத் தொடங்கும் என்பது அவர் வாதம். சூடானதும் வெறும் டிரெய்லரை மாட்டி ரோட்டில் ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னார், அப்புறம் லேசான உழவு, அதற்கப்புறம்தான் கேஜ் வீல். நடுவில் ஹெட் நட்டுகளை ஒருமுறை மறுபடி முடுக்கி, ஆயிலையும் சீக்கிரமே மாற்றச் சொன்னார். முதல் ஆயிலை வடித்தபோது பொடிப்பொடியாக மின்னியது. பயந்துபோய்ப் போன் பண்ணினேன். "மின்னணும் தம்பி, மின்னாட்டித்தான் பயப்படணும். அடுத்த ஆயில்ல மின்னினா கூப்பிடு" என்று வைத்துவிட்டார். அடுத்த ஆயில் சும்மா கறுப்பாக வந்தது.

சேற்றுழவு முடிந்தது. பிரீதரில் காற்று அடிக்கவில்லை, ஆயில் மேல்கோட்டில் நிற்கிறது, கிளாம்ப் போட்ட குழாயை வாரம் ஒருமுறை நானே தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் எஞ்சின் திடமானதும் அதுவரை தெரியாத ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. ஹைட்ராலிக், கலப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறது. வரப்பு தாண்டுவதற்குள் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இந்த வண்டியில் அந்தப் பம்ப் பின் அச்சு வீட்டுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும், பார்க்க வேண்டுமென்றால் மேல்மூடியைத் தூக்க வேண்டும். விஷயம் தெரிந்த அன்றைக்கே சித்தப்பா விலைப்பட்டியலை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார். பம்ப்பா, உள்ளே சிலிண்டர் சீலா, வெறும் வால்வா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மெக்கானிக் அண்ணனை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், மூடியைத் தூக்குவதற்கு மட்டும்.